கோடு போடாத அட்டை

தொழிலாளர் தீர்ப்பாயத்தில் இருபத்திரண்டு வருடமாகச் சுருக்கெழுத்து எழுதி எழுதி அவளுக்கு ஒரு வியாதி வந்திருந்தது. காதில் விழுவது நேராகக் கைக்குப் போய்விடும். நடுவில் மண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டுப் போவதெல்லாம் கிடையாது. காலையில் நாலு மணி நேரம் நடந்த விசாரணையை ஒரு சொல் விடாமல் எழுதியிருப்பாள். மதியம் சாப்பிடும்போது யாராவது "இன்னிக்கு என்ன வழக்கு?" என்று கேட்டால் நோட்டைப் புரட்டித்தான் பதில் சொல்வாள். ஒரு வக்கீல் ஒருமுறை "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று குதித்தார். அவள் எழுந்து நின்று, அவர் நடுவில் "அதாவது, அதாவது" என்று இழுத்ததையும் சேர்த்து அப்படியே படித்துக் காட்டினாள். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். "நான் கேட்டதைத்தான் எழுதுவேன்" என்பது அவள் அடிக்கடி சொல்லும் வாக்கியம். அலுவலகத்தில் அவளுக்கு ஸ்டெனோ என்றே பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஏறும் சத்தத்தைக் கேட்டே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லுகிற ஆள். ஆனால் ஆங்கிலம் மட்டும் அவருக்கு எழுத்து எப்படி நிற்கிறதோ அப்படியே வாயில் வரும். கல்யாணமான புதிதில், அவள் அலுவலக நண்பர்கள் பத்துப் பேர் இருந்த சாப்பாட்டு மேஜையில், "ரெசிப்ட் வாங்கியாச்சா?" என்று கேட்டார். "ரெசிப்ட் இல்லீங்க, ரெசீட்" என்றாள் அவள், மெதுவாகத்தான். யாரோ ஒருவர் சிரித்தார். அதற்குப் பிறகு வெட்னஸ்டே வென்ஸ்டே ஆனது, ஹானஸ்ட் ஆனஸ்ட் ஆனது. அவள் கெட்டவள் இல்லை. பிழை கண்ணில் பட்டால் கை சும்மா இராது, அவ்வளவுதான். பத்தொன்பது வருடத்தில் மனிதர் ஒரு வழிக்கு வந்துவிட்டார்: ஆங்கிலத்தில் எந்தத் தாள் வந்தாலும் "நீயே படிச்சிடு" என்று அவள் பக்கம் தள்ளிவிடுவார். அதை அவள் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இவர்கள் பதினேழு வருடமாக வாடகைக்கு இருக்கும் மூன்றாம் மாடி வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் வீட்டுக்காரம்மாவிடம் போய் நிற்க வேண்டும். அந்தம்மா "எந்தச் சுவர்? எவ்வளவு பெரிய ஆணி?" என்று கேட்பாள். கடிகாரம் பீரோவின் மேல் சாய்ந்தே கிடந்தது. என்றைக்காவது இந்த வீட்டையே வாங்கிவிட வேண்டும், கேட்காமல் ஆணி அடிக்க வேண்டும் என்பது ஸ்டெனோவின் ஒரே ஆசை. அதற்காகத்தான் ஆறு வருடமாக, தீர்ப்பு நகல் எழுதிக் கொடுத்து வரும் கூடுதல் பணத்தையெல்லாம் கிரிப்டோ என்கிற இணையக் காயினில் போட்டு வந்தாள். அந்த வழியைக் காட்டியவள் பக்கத்து இருக்கை டைப்பிஸ்ட். வேறு ஒரு ரூபாய் சேமிப்பும் கிடையாது. வீடு என்றால் அந்தக் காயின், காயின் என்றால் அந்த வீடு.

போன வருடம் எங்கோ, காயினை வாங்கி விற்றுத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் ஓர் எக்ஸ்சேஞ்ச் ராத்திரியோடு ராத்திரியாகக் கதவைச் சாத்திவிட்டது என்று செய்தி வந்தது. அது ஸ்டெனோவின் எக்ஸ்சேஞ்ச் இல்லை. ஆனாலும் அன்று ராத்திரி அவள் தன் கணக்கை நாலு தடவை திறந்து பார்த்தாள்.

"அக்கா, எக்ஸ்சேஞ்சுல இருக்கிற வரைக்கும் அது உங்க காசே இல்ல" என்றாள் டைப்பிஸ்ட். "அவங்க கணக்குல உங்க பேர் எழுதியிருக்கு, அவ்வளவுதான். வெளியில எடுத்து உங்க சொந்த வாலெட்ல வச்சுக்குங்க. சாவி உங்க கையில இருக்கும். ஆனா ஒண்ணு, சாவி தொலைஞ்சா யாரும் வந்து திறந்து குடுக்க மாட்டாங்க."

சாவி என்பது பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். அந்த வாலெட்டுக்கென்றே விரல் அளவுக்கு ஒரு கருவி விற்கிறார்கள். அதை முதலில் உயிர்ப்பித்ததும் அது தன் குட்டித் திரையில் ஒவ்வொரு சொல்லாகக் காட்டும். எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கருவி உடைந்தாலும் தொலைந்தாலும் புதுக் கருவியில் அதே பன்னிரண்டு சொல்லை அதே வரிசையில் போட்டால் காயின் வந்து நிற்கும். ஒரு சொல் பிசகினாலும் வராது. சொற்களைப் போனில் தட்டக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, யாருக்கும் காட்டக் கூடாது என்று டைப்பிஸ்ட் மூன்று தடவை சொல்லியனுப்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஜையைத் துடைத்து, கருவியை நடுவில் வைத்து, ஸ்டெனோ கணவரைக் கூப்பிட்டாள். பார்த்து எழுதினால் அவளுக்குப் பிழை வரும். கேட்டு எழுதினால் வராது.

"நீங்க ஒவ்வொண்ணா படிங்க. நான் எழுதிக்கிறேன்."

"நானா? நீயே படிச்சிடேன்."

"எனக்கு யாராவது சொல்லணுங்க. அப்பத்தான் கை ஓடும்."

"நீ திருத்துவ."

"வாயத் திறக்க மாட்டேன். சத்தியமா."

எழுதுவதற்குக் கருவியோடு வந்த அட்டை இருந்தது. வழுவழுவென்று, வெள்ளையாக, கோடு எதுவும் போடாத அட்டை. பால்பாயின்ட் பேனா அதில் வழுக்கிக்கொண்டு போனது. ஒயர்களுக்கு எண் போடுகிற மார்க்கரை அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். திருடன் வந்தால்கூடப் புரியக்கூடாது என்று அவள் பன்னிரண்டையும் சுருக்கெழுத்தில் எழுதினாள். அந்த யோசனை வந்தபோது அவளுக்குத் தன்னை நினைத்தே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையனைப் போல ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கருவி, சரிபார்ப்பதற்காக, மூன்றாவது சொல் என்ன, ஒன்பதாவது என்ன என்று கேட்டது. அவர் ஞாபகத்திலிருந்தே பொத்தானை அழுத்திவிட்டார். அட்டையைப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

அட்டையைச் சமையலறை அலமாரியில் விரித்திருந்த தாளுக்கு அடியில் வைத்தாள். கருவியைப் பீரோவில் மடித்துக் கிடந்த பழைய திரைச்சீலையின் ஓர மடிப்புக்குள் நுழைத்து, நாலு தையல் போட்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை.

இனி எக்ஸ்சேஞ்சிலிருந்து காயினை எடுக்க வேண்டியதுதானே பாக்கி என்று நினைத்தாள். போடும்போது இரண்டு நிமிடத்தில் வாங்கிக்கொண்ட ஆட்கள், எடுக்க வேண்டும் என்றதும் அவளை யாரென்றே தெரியாதவர்கள் போல நடந்துகொண்டார்கள். அடையாள அட்டையில் முதலெழுத்து பெயருக்கு முன்னால் இருக்கிறது, எங்கள் படிவத்தில் பின்னால் இருக்கிறது, ஆகவே பெயர் பொருந்தவில்லை என்றார்கள். முகத்தைக் காட்டு, இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, கண்ணாடியைக் கழற்று என்றார்கள். கண்ணாடியைக் கழற்றினால் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. உதவி கேட்டு எழுதினால் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று உடனே பதில் வரும். அந்த நன்றிக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்த அடையாளமே இல்லை. நாலாவது தடவை அந்த வாக்கியத்தைப் பார்த்தபோது அவள் "எனக்குப் பொறுமை இருக்குன்னு உனக்கு யார்டா சொன்னா?" என்று போனைப் பார்த்தே கேட்டாள். பெயர் பொருந்தியதும், புதிய முகவரி சேர்த்தால் இருபத்து நாலு மணி நேரம் எதையும் அனுப்ப முடியாது என்றார்கள். அனுப்பப் போகும் வாலெட் யாருடையது என்றார்கள். என்னுடையதுதான் என்றால், நிரூபி என்றார்கள்.

பதினோரு நாள் போனது. முதலில் ஒரு துளியை மட்டும் சோதனைக்கு அனுப்பினாள். முகவரியின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை விரல் வைத்துப் பார்த்தாள். துளி போய்ச் சேர்ந்தது. பிறகு மிச்சத்தையும் அனுப்பினாள். வாலெட்டில் முழுத் தொகையும் சேர்ந்துவிட்டதாகப் போனில் தெரிந்தபோது, அலுவலகக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிடம் சிரித்தாள்.

அதற்கப்புறம் ஐந்து மாதம் நிம்மதி.

ஆறாவது மாதம் முதல் தேதி வீட்டுக்காரம்மா படியேறி வந்தாள். "வீட்டை விக்கப் போறேன். இத்தனை வருஷம் இருந்தீங்க, அதனால முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன். முப்பதாம் தேதிக்குள்ள முன்பணம் குடுத்தா உங்களுக்கு. இல்லன்னா இன்னொருத்தர் ரெடியா இருக்காரு. ரெண்டு நாள்ல அளக்க ஆள் வருவாங்க, வீட்டைக் கொஞ்சம் பார்க்கிற மாதிரி வச்சிருங்க."

ஸ்டெனோவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு வருடம் காத்திருந்தது இதற்குத்தான். கணவருக்கும் சந்தோஷம்தான். அளக்க வருகிறவர்கள் நல்ல வீடு என்று நினைக்க வேண்டும் என்று, அவள் அலுவலகம் போயிருந்த மூன்றாம் தேதி, மனிதர் லீவு போட்டு வீட்டைக் கழுவினார். ஜன்னலைத் துடைத்தார். பீரோவிலிருந்த பழைய திரைச்சீலைகளையும் விடவில்லை. எடுத்து மெஷினில் போட்டு, வெந்நீர் விட்டு, இரண்டு தடவை துவைத்து, வெயிலில் காயப் போட்டார்.

அவள் வந்து கொடியில் தொங்கிய திரைச்சீலையைப் பார்த்தாள். ஓர மடிப்பைத் தடவினாள். கருவி உள்ளேதான் இருந்தது. உதறினால் தண்ணீர் வந்தது, உயிர் வரவில்லை.

"யாரைக் கேட்டு இதைத் துவைச்சீங்க?"

"உள்ள இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னியா?"

நியாயமான கேள்விதான். அது நியாயமாக இருந்ததே அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஆனாலும் அன்று அவள் முழுதாக உடைந்துவிடவில்லை. அட்டை இருக்கிறது, சாவி கையில் இருக்கிறது. புதுக் கருவிக்கு அன்றே ஆர்டர் போட்டாள். ஏழாம் தேதி வந்தது. அலமாரித் தாளைத் தூக்கி, அட்டையை எடுத்து, மேஜையில் வைத்தாள். அதைப் படிக்கப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சுருக்கெழுத்து சத்தத்தை எழுதுவது, எழுத்தை அல்ல. வேகமாக எழுதுகிறவர்கள் உயிரெழுத்தை விட்டுவிடுவார்கள்; மெய்யின் கீற்று மட்டும் இருக்கும். க, ட என்று இரண்டு கீற்று இருந்தால் அது கடையா, காடா, கூடா, கேடா? நோட்டில் கோடு போட்டிருக்கும். கீற்று அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறதா, கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, அறுத்துக்கொண்டு போகிறதா என்பதை வைத்து உள்ளே இருக்கும் உயிரை ஊகிக்கலாம். மெலிந்த கீற்று ஒரு மெய், அதே கீற்றைக் கொஞ்சம் அழுத்தினால் வேறொரு மெய். இவ்வளவும் போதாமல் போனால் வாக்கியம் காப்பாற்றும். குருவி இருந்தால் கூடு, சாமான் வாங்கினால் கடை.

இந்த அட்டையில் கோடு கிடையாது. மார்க்கருக்கு மெலிவு தடிப்பு கிடையாது. பன்னிரண்டு சொல்லும் ஒன்றுக்கொன்று ஒட்டாத அநாதைகள். முன்னும் பின்னும் வாக்கியம் கிடையாது. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகத் தன் கையெழுத்தையே தன்னால் படிக்க முடியாமல் ஸ்டெனோ உட்கார்ந்திருந்தாள்.

பாதி தெளிவாக இருந்தது. அம்பிரெல்லா, ஹாஸ்பிட்டல், எலிஃபென்ட், கிச்சன், மஸ்கிட்டோ என்று நீளமான ஐந்து சொல்லில் சந்தேகமே இல்லை. சைலென்ட் என்பதும் சரிதான். தொடக்கத்தில் ஒரு சின்ன வட்டமாக இருக்க வேண்டிய 'ஸ' மட்டும் கீற்றாக நீண்டு கிடந்தது, வழுவழு அட்டையில் மார்க்கர் சறுக்கியிருக்கும். மிச்சம் ஆறுதான் உயிரை வாங்கியது. ஃபேனா, ஃபைனா, ஃபன்னா? வாஷா, விஷ்ஷா? ரெயினா, ரன்னா? கேட்டா, கோட்டா, கைட்டா? ரோடா, ரைடா, ரூடா? ரேஸா, ரைஸா, ரோஸா, ரெய்ஸா?

"அன்னிக்குப் படிச்சீங்களே, உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று கணவரைக் கேட்டாள். கேட்ட குரலிலேயே திரைச்சீலை தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் யோசித்தார். "ஒண்ணு நல்லா ஞாபகம் இருக்கு. ஐஸ்…"

"ஐஸ் இல்லீங்க, ரைஸ். முன்னால ஆர் இருக்கு."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சரி."

"விடுங்க. நீங்க சும்மா இருந்தாலே போதும், நானே பார்த்துக்கிறேன்."

அப்படியே பார்த்துக்கொண்டாள். நோட்டில் கட்டம் போட்டு, எல்லாச் சேர்க்கையையும் வரிசையாக எழுதினாள். மொத்தம் நானூற்று முப்பத்திரண்டு வந்தது. கருவியில் இருந்ததோ இரண்டே பொத்தான். ஒன்று எழுத்தைத் தள்ளும், மற்றது தேர்ந்தெடுக்கும். பன்னிரண்டு சொல்லைப் போட்டு முடிக்க ஆறு நிமிடம் ஆகும். ஆறாவது நிமிடத்தின் முடிவில் "தவறான சொற்றொடர்" என்று காட்டும். எந்தச் சொல் தவறு என்று சொல்லாது. சொல்லித் தொலைத்தால் என்ன என்று தினமும் அதைத் திட்டினாள்.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. முப்பத்தெட்டாவது சேர்க்கையில் கருவி திறந்துகொண்டது. தொகை இருக்க வேண்டிய இடத்தில் சுழியம் இருந்தது. பதறிப்போய் மறுநாள் டைப்பிஸ்டைக் கேட்டாள்.

"அது வேற பெட்டிக்கா" என்றாள் டைப்பிஸ்ட். "தப்பான சேர்க்கையிலயும் பதினாறுல ஒண்ணு தற்செயலாச் செல்லுபடியாகும். திறக்கும், ஆனா அது யாரும் இன்னும் பயன்படுத்தாத காலிப் பெட்டி."

இப்படி இருபத்தேழு காலிப் பெட்டிகளை அவள் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் சுழியத்தைப் பார்த்துவிட்டு நோட்டில் ஒரு கட்டத்தை அடித்தாள். இணையத்தில் உதவி கேட்டுப் பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் ஒன்பது பேர் உதவ ஓடி வந்தார்கள். ஒன்பது பேரும் சொற்களைத் தங்களுக்கு அனுப்பச் சொன்னார்கள். அத்தனை பேரையும் தடுத்துவிட்டு மறுபடி பொத்தானுக்கே வந்தாள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். கட்டைவிரல் வீங்கியது. தீர்ப்பாயத்தில் ஒருநாள் சாட்சி சொன்னதில் இரண்டு வரி விட்டுப்போனது. நடுவர் நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் சமையல் ஒரு வேளையானது, பேச்சு அதற்கும் குறைவானது. அவர் வருவார், சாப்பிடுவார், அவள் பொத்தானை அழுத்துவதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், எழுந்து போய்விடுவார். உதவத் துப்பில்லாத மனிதர் என்று அவள் உள்ளுக்குள் கறுவிக்கொண்டாள்.

இருபத்தெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மதியம், நானூற்று முப்பத்திரண்டாவது சேர்க்கையைப் போட்டாள். தவறான சொற்றொடர்.

நோட்டில் அடிக்க வேறு கட்டம் இல்லை. ஸ்டெனோ மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அடுப்புத் திருகைக் கழற்றிச் சரிசெய்துகொண்டிருந்த கணவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. வீடு போச்சு."

பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சொற்களை எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்த தாளை அவர் பக்கம் தள்ளினாள். "கடைசியா ஒரு தடவை இதைப் படிங்க. உங்க குரல்ல கேட்டா ஏதாவது தட்டுப்படுதான்னு பாக்குறேன்."

அவர் தாளை எடுத்துப் படித்தார். ஒவ்வொன்றையும் சுத்தமாகப் படித்தார். ஹாஸ்பிட்டல், மஸ்கிட்டோ, எல்லாம் வானொலியில் செய்தி வாசிப்பதுபோல வந்தது. இவர் எப்போது இப்படிப் படிக்க ஆரம்பித்தார் என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. பாதியில் நிறுத்தினார்.

"இது இல்லையே."

"எது?"

"சைலென்ட். அப்படி ஒண்ணு வரவே இல்ல."

"வந்துச்சுங்க. எழுதியிருக்கேனே. நான் கேட்டதைத்தான்…"

"நீ கேட்டதைத்தான் எழுதுவ. நான் இதைச் சொல்லலை."

"அப்ப வேற என்ன சொன்னீங்க?"

அவர் எழுந்து போய், வேலைப் பையிலிருந்து லிஃப்ட் பராமரிப்பு டைரியை எடுத்து வந்தார். எண்ணெய்க் கறை படிந்த டைரி. பின்பக்கத் தாள்களைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார். அவருடைய கட்டை எழுத்தில் இரண்டு வரிசை இருந்தது. இடது பக்கம் ரெசிப்ட், வலது பக்கம் ரெசீட். இடது பக்கம் வெட்னஸ்டே, வலது பக்கம் வென்ஸ்டே. ஹானஸ்ட், ஆனஸ்ட். பழைய டைரிகளிலிருந்து ஒவ்வொரு வருடமும் புது டைரிக்கு எடுத்து எழுதி வந்திருக்கிறார். நாலு பக்கம் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் அவள் திருத்தியது ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

கடைசி வரியில் விரலை வைத்தார். அன்றைய ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டிருந்தது. இடது பக்கம் ஐஸ்லாண்ட். வலது பக்கம் ஐலண்ட்.

"அன்னிக்கு நீ சொன்னபடி வாயத் திறக்கலை. ஆனா இந்த இடத்துல உன் புருவம் ஏறுச்சு. அப்புறமா போன்ல கேட்டுப் பாத்தேன். தீவுக்கு நடுவுல எஸ் சத்தம் வராதாம்."

"ஏன் இதை முன்னாடியே சொல்லலை?"

"சொல்ல வந்தேன். ஐஸ்னு ஆரம்பிச்சேன். நீ ரைஸ்னுட்ட."

ஸ்டெனோ அட்டையை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முதலில் ஓர் உயிர் வந்து அடுத்து 'ஸ' வந்தால் வட்டம் போடக் கூடாது, கீற்றாக எழுத வேண்டும்; முதல் மாதத்தில் சொல்லிக் கொடுக்கிற பாடம். மார்க்கர் சறுக்கவில்லை. அவள் கை சரியாகத்தான் எழுதியிருந்தது, அவர் சொன்னதை அப்படியே. படிக்கும்போதுதான் அதைத் திருத்தியிருந்தாள். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"மத்ததும் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். இந்த முறை குரல் வேறு மாதிரி இருந்தது.

"உனக்கு அது காதுல விழுந்து கையில போயிடுச்சு. எனக்கு ஒவ்வொண்ணும் மலை ஏறின மாதிரி. மறக்குமா? ரெண்டாவது கைட். அப்புறம் ரெயின், அன்னிக்கு வெளியில மழை பெய்ஞ்சுது. ரோடு. விஷ். ரைஸ்." நிறுத்தி, "அதுல ஆர் இருந்துச்சு" என்றார். "ஃபேனா ஃபன்னான்னு மட்டும் சந்தேகம்."

முதலில் ஃபேன் போட்டார்கள். தவறான சொற்றொடர். ஃபன் போட்டார்கள். கருவி திறந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சுழியமா?" என்றாள்.

"இல்ல" என்றார் அவர். "இருக்கு."

அவள் கண்ணைத் திறக்காமலே அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிருங்க" என்றாள். அவர் மறு கையால் கருவியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

காயினைப் பணமாக்க அதே எக்ஸ்சேஞ்சுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. பெயர் பொருந்தவில்லை என்று மறுபடியும் சொன்னார்கள். கண்ணாடியைக் கழற்றினாள், இடம் வலம் திரும்பினாள், பொறுமைக்கு நன்றி வாங்கிக்கொண்டாள். முப்பதாம் தேதி மாலை, வீட்டுக்காரம்மா அந்த இன்னொருத்தருக்குப் போன் போட எண்ணைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், முன்பணத்தைக் கொண்டுபோய் அவள் கையில் வைத்தார்கள். பத்திரம் முடிய இன்னும் இரண்டு மாதம். அதுவரை ஆணி அடிக்கக் கூடாது என்று அந்தம்மா அப்போதும் சொல்லியனுப்பினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஜையைத் துடைத்தார்கள். மிச்சக் காயின் கருவியில்தான் இருந்தது. சொற்களைப் புதிதாக எழுதி வைக்க வேண்டும். ஸ்டெனோ தன் கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு அவர் முன்னால் வைத்தாள்.

"இந்தத் தடவை நீங்க எழுதுங்க. நான் படிக்கிறேன்."

அவர் ஒயருக்கு எண் போடுவதுபோல, ஒவ்வோர் எழுத்தாகத் தனித்தனியே நிறுத்தி எழுதினார். அவள் வேகத்துக்குப் பழகியவள். ஒரு சொல் முடிவதற்குள் அடுத்ததற்கு வாய் துருதுருத்தது. அடக்கிக்கொண்டாள். அம்பிரெல்லா. கைட். கிச்சன். ஒரு வாரமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்த சொல் அடுத்து வந்தது.

"ஐஸ்லாண்ட்" என்றாள்.

அவர் தலை நிமிராமலே, எழுதிக்கொண்டே, மெதுவாகச் சொன்னார்.

"ஐஸ்லாண்ட் இல்லம்மா, ஐலண்ட்."

அவள் சரி என்று தலையாட்டி, ஐலண்ட் என்று இன்னொரு தடவை படித்தாள். அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள்.